கார்டைக் கேட்டால் என்ன சொல்லும்?

கிராஃபிக்ஸ் கார்டில் பொதுவான கணக்குகளையும் ஓட்ட உதவும் குடா மென்பொருளை என்விடியா நிறுவனம் 2007-இல் வெளியிட்டபோது அதில் ஒரு வேடிக்கை இருந்தது. இந்தக் கணினியில் குடாவுக்கு ஏற்ற கார்டு எத்தனை என்று ஒரு நிரல் கேட்டால், ஒரு கார்டுகூட இல்லாத கணினியிலும் ‘ஒன்று’ என்றுதான் பதில் வரும். சரி, அந்த ஒன்றின் திறன் எண் என்ன என்று அடுத்துக் கேட்டால் 9999 என்று வரும். உண்மையில் அங்கே கார்டே கிடையாது. கார்டு வாங்காதவர்களும் நிரலைச் சோதித்துப் பார்க்கட்டும் என்று சி.பி.யூ.வில் ஓட்டிக்காட்டிய போலிச் சாதனம் அது. எண்ணிக்கையை மட்டும் நம்பி வேலையை ஆரம்பித்த நிரல் முதல் அடியிலேயே தடுக்கி விழுந்தது. அதனால் அக்காலத்து மாதிரி நிரல்களில், திறன் எண் 9999 என்றால் கார்டு இல்லை என்று எடுத்துக்கொள்ளும் ஒரு வரி தவறாமல் இருக்கும். சில வருடங்களில் அந்தப் போலிச் சாதனத்தையே எடுத்துவிட்டார்கள். பதிலை அப்படியே நம்பக் கூடாது என்ற நிலைமை மட்டும் போகவில்லை.

சாதாரண நிரல் எழுதுபவருக்கு இந்தக் கேள்வி பதில் படலமே புதிது. சி.பி.யூ.வில் ஓடும் நிரல் தன்பாட்டுக்கு ஓடும். கோர் நான்கா எட்டா என்று அது பெரும்பாலும் கவலைப்படுவதில்லை. ஆபரேட்டிங் சிஸ்டம் பார்த்துக்கொள்ளும். கார்டில் உள்ள ஜி.பி.யூ.வில் அந்தச் சொகுசு இல்லை. த்ரெட் என்று நிரலர்கள் சொல்லும் இழைகள் அங்கே லட்சக்கணக்கில் ஓடும். அவற்றை எத்தனை எத்தனையாக பிளாக்குகளில் அடைப்பது, ஒவ்வொரு பிளாக்குக்கும் பகிர்வு நினைவகம் எனப்படும் வேக நினைவகத்தை எவ்வளவு ஒதுக்குவது என்பதையெல்லாம் நிரலரே முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவோ கார்டுக்குக் கார்டு மாறும். 2006 நவம்பரில் வந்த ஜீஃபோர்ஸ் 8800 ஜி.டி.எக்ஸ் கார்டில் 16 மல்டிபிராசசர்கள் (கோர்களின் தொகுதிகள்), 128 கோர்கள், 768 மெகாபைட் நினைவகம். 2022-இல் வந்த ஆர்.டி.எக்ஸ் 4090-இல் 128 மல்டிபிராசசர்கள், 16,384 கோர்கள், 24 ஜிகாபைட்.

நிரலை எழுதி முடித்தவருக்கு அது நாளை யாருடைய கணினியில், எந்தக் கார்டில் ஓடப்போகிறது என்று தெரியாது. எனவே ஓடத் தொடங்கியதும் நிரல் முதல் வேலையாக விசாரிக்கிறது: எத்தனை கார்டு, என்ன தலைமுறை, எவ்வளவு நினைவகம், ஒரு பிளாக்கில் எத்தனை இழை. இதற்குப் பதில் சொல்வது சிலிக்கான் சில்லு அல்ல, அதை இயக்கும் டிரைவர் மென்பொருள். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல குழப்பங்களுக்குக் காரணம் புரியும்.

இந்த வழக்கம் குடாவுக்கும் முந்தியது. படம் வரைவதற்கான ஓபன்ஜி.எல் தரத்தின் காலத்தில் ஒரு கார்டுக்கு என்னென்ன கூடுதல் வசதிகள் உண்டு என்று கேட்டால், டிரைவர் ஒரே ஒரு நீளமான வரியைத் திருப்பித் தரும். வசதிகளின் பெயர்கள் எல்லாம் இடைவெளி விட்டு அடுத்தடுத்து அந்த வரியில் இருக்கும். பழைய விளையாட்டுகள் சில, அந்த வரியை ஒரு குறிப்பிட்ட அளவுள்ள நினைவகப் பெட்டிக்குள் நகலெடுத்துக்கொண்டன. இவ்வளவு இடம் போதாதா என்று எழுதியவர் நினைத்திருப்பார். ஆண்டுக்கு ஆண்டு வசதிகள் கூடின, வரி நீண்டது. ஒருநாள் புத்தம்புதிய கார்டைப் போட்டுப் பழைய விளையாட்டைத் திறந்தால், பெட்டி நிரம்பி வழிந்து விளையாட்டு படுத்துவிட்டது. கார்டில் பழுதில்லை, அதன் தகுதிப் பட்டியல் நீளமாகிவிட்டது, அவ்வளவுதான்.

லினக்ஸ் உலகில் புழங்கும் மேசா டிரைவர் இதற்குச் செய்த வைத்தியம் ரசிக்கத்தக்கது. அதில் ஓர் ஆண்டைக் குறிப்பிடும் அமைப்பு உண்டு. 2001 என்று கொடுத்தால், அந்த ஆண்டுவரை வரையறுக்கப்பட்ட வசதிகளை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை மறைத்துவிடும். பழைய விளையாட்டின் நிம்மதிக்காகப் புதிய கார்டு தன் வயதைக் குறைத்துச் சொல்கிறது! ஓபன்ஜி.எல் 3.0 வெளிவந்த 2008-இல்தான் பட்டியலை ஒவ்வொரு பெயராகக் கேட்டு வாங்கும் முறை வந்தது.

குடாவில் இந்த விசாரணைக்கு முறையான வடிவம் கிடைத்தது. அதனுடன் வந்த மாதிரி நிரல்களில் ‘டிவைஸ்குவரி’ என்று ஒன்று உண்டு. குடாவை நிறுவியவர்கள் பெரும்பாலும் முதலில் ஓட்டிப் பார்ப்பது இதைத்தான். கறுப்புத் திரையில் முப்பது நாற்பது வரிகள் ஓடும். கார்டின் பெயர், திறன் எண், மொத்த நினைவகம் பைட்டுகளில், மல்டிபிராசசர் எண்ணிக்கை, வார்ப் அளவு 32, ஒரு பிளாக்கில் அதிகபட்ச இழை 1024, பிளாக் ஒன்றுக்குப் பகிர்வு நினைவகம் 49,152 பைட் என்று இறங்கிக்கொண்டே போய், கடைசியில் ‘பாஸ்’ என்று முடியும். அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் திரையை மூடிவிடுபவர்களே அதிகம். விஷயம் இருப்பது மேலே உள்ள வரிகளில்.

முதலில் திறன் எண். ‘கம்ப்யூட் கேப்பபிலிட்டி’ எனப்படும் இது கார்டின் வேகத்தைச் சொல்வதில்லை. எந்தத் தலைமுறைக் கட்டமைப்பு என்று மட்டும் சொல்லும். 8800 ஜி.டி.எக்ஸ் 1.0. ஃபெர்மி 2, கெப்ளர் 3, மேக்ஸ்வெல் 5, பாஸ்கல் 6, வோல்ட்டா 7.0, ஆம்பியர் 8.0, ஹாப்பர் 9.0 என்று வரிசை போகிறது. இடையில் 4 இல்லை. ஏதேனும் ஒரு வசதி இருக்கிறதா என்று தெரிய, இந்த எண்ணைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும்.

பார்க்காமல் விட்டவர்கள் பட்ட பாட்டுக்கு நல்ல உதாரணம் ‘டபுள்’ கணக்கு. அறிவியல் கணக்குகளில் ஓர் எண்ணுக்கு 64 பிட் ஒதுக்கி, ஏறத்தாழ 16 இலக்கத் துல்லியத்தில் கணக்கிடுவது வழக்கம். முதல் தலைமுறை குடா கார்டுகளில் அதற்கான வன்பொருளே கிடையாது. 2008-இல் ஜி.டி.எக்ஸ் 280 வந்த பிறகே, திறன் எண் 1.3-இலிருந்து அது கிடைத்தது. அதற்குக் கீழே உள்ள கார்டுக்கு ‘டபுள்’ என்று எழுதினால் குடாவின் கம்பைலர் மறுக்காது. ஓர் எச்சரிக்கை வரியைக் காட்டிவிட்டு, எல்லா எண்களையும் 32 பிட்டுக்கு இறக்கிவிடும். நிரல் தடங்கலின்றி ஓடும், விடையும் வரும். ஏழாவது இலக்கத்துக்குமேல் அந்த விடையை நம்ப முடியாது. இன்னொரு கூத்து, கம்பைலர் எதுவும் சொல்லாவிட்டால் 1.0 கார்டுக்கென்றே நிரலைத் தயாரித்தது. ஆக, 1.3 கார்டைக் காசு கொடுத்து வாங்கியவரும், கட்டளையில் கட்டமைப்பைக் குறிப்பிட மறந்தால் 32 பிட் விடையையே பெற்றார்.

இன்றைய குடா கார்டுகள் எல்லாவற்றிலும் டபுள் உண்டு. எவ்வளவு வேகத்தில் என்பதுதான் கேள்வி. தரவு மையங்களுக்கான ஏ100 கார்டின் 32 பிட் வேகம் நொடிக்கு 19.5 லட்சம் கோடி கணக்குகள். 64 பிட்டில் அதில் பாதி, 9.7 லட்சம் கோடி. ஆர்.டி.எக்ஸ் 4090-க்கு 32 பிட்டில் 82 லட்சம் கோடிக்குமேல். 64 பிட்டுக்கு வந்ததும் அது அறுபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருங்கி 1.3 லட்சம் கோடிக்கு இறங்கிவிடும். ஒரு கணக்கில் நான்கு மடங்கு முந்தும் கார்டு மற்றொரு கணக்கில் ஏழு மடங்கு பின்தங்குகிறது. இந்த 32-க்கு 64 விகிதத்தையும் குடாவில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வானிலை மாதிரியோ மூலக்கூறு இயக்கமோ கணக்கிடுபவர் கோர் எண்ணிக்கையைவிட முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

வார்ப் அளவு என்ற எண் சிறியது, விளைவு பெரியது. என்விடியா கார்டில் 32 இழைகள் ஒரு வார்ப்பாகச் சேர்ந்து ஒரே கட்டளையைச் செய்கின்றன. ஒரு வேனுக்கு 32 பேர் என்று வைத்துக்கொண்டால், 33 பேர் வந்தால் இரண்டு வேன் கிளம்ப வேண்டும். இரண்டாவதில் ஒரே ஆள். பிளாக்கில் 33 இழை வைக்கும் நிரலின் கதி அதுதான். குடாவின் முதல் நாளிலிருந்து இன்றுவரை இந்த 32 மாறவில்லை. மாறாததாலேயே நிரலர்கள் அதைக் கேட்பதை விட்டுவிட்டு, நிரலுக்குள் நேரடியாக 32 என்றே எழுதிவைத்தார்கள். போட்டி நிறுவனமான ஏ.எம்.டி.யின் ஜி.சி.என் கட்டமைப்பில் அதே கூட்டம் 64. பின்னால் வந்த ஆர்.டி.என்.ஏ.வில் 32 ஆகவும் இருக்கலாம், 64 ஆகவும் இருக்கலாம். என்விடியா கார்டுக்கு எழுதிய நிரலை ஏ.எம்.டி.க்கு மாற்றும்போது, பிழை எங்கே என்று தேடி அலைபவர்கள் கடைசியில் வந்து நிற்பது பல நேரம் இந்த 32-இடம்தான்.

எண் மாறாவிட்டாலும் அதன் பொருள் மாறலாம். ஒரு வார்ப்பின் 32 இழைகளும் எப்போதும் கைகோத்துத்தான் நடக்கும் என்று நம்பி, அவற்றுக்கிடையே ஒத்திசைவுக் கட்டளை எதுவும் போடாமல் எழுதுவது ஒருகாலத்தில் கெட்டிக்காரத்தனம். 2017-இல் வோல்ட்டா வந்தபோது ஒவ்வோர் இழைக்கும் தனித்தனி நடை கிடைத்தது. வார்ப் அளவு என்ன என்று கேட்டால் அப்போதும் 32 என்றே பதில். பழைய கெட்டிக்கார நிரல்கள் சிலவற்றில் விடை தவறியது. விசாரணையில் வெளிப்படாத மாற்றம் அது. திறன் எண் 7.0 என்பதைப் பார்த்து, ஆவணத்தைப் படித்தால் மட்டுமே தெரியும்.

ஒரு மல்டிபிராசசரில் எத்தனை பிளாக்குகள் ஒரே நேரத்தில் இடம்பிடிக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் இந்த எண்களின் பயன் விளங்கும். ஏ100-இல் ஒரு மல்டிபிராசசருக்கு, இழைகள் தம் எண்களை வைத்துக்கொள்ளும் ரெஜிஸ்டர்கள் 65,536, இழைகள் அதிகபட்சம் 2048. பிளாக்குக்கு 256 இழை, இழைக்கு 64 ரெஜிஸ்டர் என்று ஒரு நிரல் கேட்டால், ஒரு பிளாக்குக்கே 16,384 ரெஜிஸ்டர் போய்விடும். ஆக நான்கு பிளாக், 1024 இழை. பாதி இடம் காலி. இழைக்கு 32 ரெஜிஸ்டரில் முடித்தால் இடம் முழுவதும் நிரம்பும். அதற்காக எப்போதும் நிரப்பியே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை. சில கணக்குகள் ரெஜிஸ்டர் தாராளமாகக் கிடைத்தால்தான் வேகமாக ஓடும். 2014-இல் வந்த குடா 6.5 பதிப்பு இந்தக் கூட்டல் பெருக்கலைத் தானே செய்து, எவ்வளவு பெரிய பிளாக் பொருந்தும் என்று சொல்லும் வசதியைத் தந்தது.

பகிர்வு நினைவகத்தில் இன்னொரு சூட்சுமம். 4090-ஐக் கேட்டால் பிளாக்குக்கு 48 கிலோபைட் என்று சொல்லும். அது பழைய நிரல்களுக்காக வைத்திருக்கும் வரம்பு. எனக்கு அதிகம் வேண்டும் என்று தனியாக விண்ணப்பித்தால் 99 கிலோபைட் வரை தரும். ஏ100 என்றால் 163. அந்தப் பெரிய எண்ணுக்குத் தனிக் கேள்வி உண்டு. அதைக் கேட்காதவர் பாதி நினைவகத்தைத் தொடாமலேயே காலம் தள்ளுவார்.

எல்லோரும் முதலில் அறிய விரும்புவது கோர் எண்ணிக்கை. விசித்திரம் என்னவென்றால், குடாவின் டிரைவரிடம் அதற்கு விடை இல்லை. மல்டிபிராசசர் எத்தனை என்று சொல்லும். ஒன்றுக்குள் எத்தனை கோர் என்று சொல்லாது. டிவைஸ்குவரி காட்டும் கோர் எண்ணிக்கை, அந்த மாதிரி நிரலுக்குள் யாரோ கையால் எழுதிவைத்த அட்டவணையிலிருந்து வருவது. முதல் தலைமுறைக்கு 8, ஃபெர்மிக்கு 32, அதன் தம்பிக்கு 48, கெப்ளருக்கு 192, மேக்ஸ்வெல்லுக்கு 128, வோல்ட்டாவுக்கு 64 என்று ஏறி இறங்கும் அட்டவணை. அட்டவணையில் இல்லாத புதிய கார்டைப் பழைய டிவைஸ்குவரியில் ஓட்டினால், இந்தத் தலைமுறை எனக்குத் தெரியாது என்று ஒரு வரி சொல்லிவிட்டு, தனக்குத் தெரிந்த கடைசி எண்ணால் பெருக்கிக் காட்டும். வலையில் உலவும் சில ‘கோர் எண்ணிக்கை’ படங்களின் பிறப்பு ரகசியம் இதுவே.

பல நிறுவனங்களின் கார்டுகளிலும் ஓடுவதற்காக உருவான ஓபன்சி.எல் தரத்தில் குழப்பம் வேறு விதம். ஆப்பிள் தொடங்கிவைத்த இந்தத் தரம் 2008 இறுதியில் வந்தது. அதில் ‘கம்ப்யூட் யூனிட் எத்தனை’ என்று ஒரு கேள்வி உண்டு. என்விடியா தன் மல்டிபிராசசர்களை எண்ணிச் சொல்லும். ஏ.எம்.டி தன் பாணிக் கணிப்பு அலகுகளைச் சொல்லும். இன்டெல்லின் உள்ளமை ஜி.பி.யூ தன் சின்னஞ்சிறு செயல் அலகுகளை எண்ணும். சி.பி.யூ.வையே கேட்டால் அதன் கோர்களை எண்ணும். இந்த நான்கு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, அதிகம் உள்ளதற்கு வேலையைக் கொடுக்கும் நிரல், லேப்டாப்பின் உள்ளமை ஜி.பி.யூ.வைப் பெரிய கார்டு என்று எண்ணிவிடக்கூடும். கேள்வி ஒன்று, விடைகள் நான்கும் உண்மை, ஒப்பீடு மட்டும் தப்பு.

நினைவகத்திலும் அப்படியே. மொத்தம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. ஒரே துண்டாக அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம் என்பது வேறு கேள்வி. மொத்தத்தில் கால் பங்கை ஒரே துண்டாகத் தந்தாலே தரத்தின்படி போதுமானது. 8 ஜிகாபைட் கார்டுதானே என்று 6 ஜிகாபைட் அணியை ஒரே மூச்சில் ஒதுக்கப் போனவருக்கு மறுப்பு வருவது இதனால்தான்.

டிரைவர் சொல்லும் எண் சரியாக இருந்தும் முழு உண்மையாகாத சம்பவம் ஒன்று உலகப் பிரசித்தம். 2014 செப்டம்பரில் வந்த ஜி.டி.எக்ஸ் 970-இல் 4 ஜிகாபைட் நினைவகம் என்று பெட்டியிலும் இருந்தது, கேட்டாலும் அப்படியே வந்தது. சில விளையாட்டுகள் மூன்றரை ஜிகாபைட்டைத் தாண்டியதும் திணறுவதைப் பயனர்கள் கவனித்தார்கள். ஒருவர் சிறிய குடா நிரல் எழுதி, நினைவகத்தைத் துண்டு துண்டாக ஒதுக்கி, ஒவ்வொரு துண்டின் வேகத்தையும் அளந்தார். கடைசிப் பகுதிக்கு வந்ததும் வேகம் பாதாளத்துக்கு இறங்கியது. 2015 ஜனவரியில் நிறுவனம் விளக்கியது: நினைவகம் 3.5, 0.5 என இரு பகுதிகள். முதல் பகுதிக்கு நொடிக்கு 196 ஜிகாபைட் வேகம், இரண்டாவதற்கு 28. முதலில் வெளியிட்ட விவரக் குறிப்பில் வேறு இரண்டு எண்களும் தவறு என்று அப்போது தெரிந்தது. எல்2 தேக்ககம் 2 மெகாபைட் இல்லை, 1.75, பிக்சல்களை எழுதும் அலகுகள் 64 இல்லை, 56. வழக்கு நடந்து 2016-இல் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குக் கார்டுக்கு 30 டாலர் இழப்பீடு என்று முடிந்தது. ‘எவ்வளவு நினைவகம்’ என்ற கேள்விக்கு 4 என்ற பதில் பொய்யில்லை. அத்தனையும் ஒரே வேகமா என்று கேட்க விசாரணைப் பட்டியலில் இடமே இல்லை. அளந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

கார்டு எத்தனை என்ற எளிய கேள்விக்கே இன்று நேர்விடை கிடையாது. 2022-இல் உலகின் முதல் எக்ஸாஸ்கேல் கணினியாகத் தரவரிசையில் ஏறிய ஃபிரான்டியர், அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் இருக்கிறது. அதன் ஒரு கணுவில் ஏ.எம்.டி.யின் நான்கு எம்.ஐ.250எக்ஸ் கார்டுகள். நிரல் கேட்டால் எட்டு என்று பதில் வரும். ஒவ்வொரு கார்டுக்குள்ளும் இரண்டு சில்லுகள், ஒவ்வொன்றுக்கும் தனியாக 64 ஜிகாபைட். மென்பொருளின் கண்ணுக்கு அவை எட்டு தனித்தனி ஜி.பி.யூ.க்கள். என்விடியாவின் ஏ100-இல் கதை தலைகீழ். ஒரே கார்டை ஏழு கூறுகள்வரை பிரித்து ஏழு பேருக்குக் கொடுக்கலாம். கூறு ஒன்றில் ஓடும் நிரல் கேட்டால் மல்டிபிராசசர் 14 என்று வரும், முழுக் கார்டில் 108 இருந்தாலும். ஏழு பதினான்கு 98 தானே, மீதிப் பத்து எங்கே என்றால், பிரித்துக் கொடுக்கும் முறையில் அவை சும்மா கிடக்கின்றன.

இரண்டு கார்டு உள்ள கணினியில் எது 0, எது 1 என்பதும் தகராறுதான். கார்டுகளின் நிலவரம் காட்டும் என்விடியா எஸ்.எம்.ஐ கருவி, பலகையில் செருகிய வரிசைப்படி எண் போடும். குடா நிரல்களோ, வேறு சொல்லாவிட்டால், வேகமான கார்டுக்கு 0 கொடுக்கும். 0-ஆம் கார்டு சும்மா இருக்கிறதே என்று ஒன்றில் பார்த்து, மற்றதில் 0 என்று வேலையைக் கொடுத்தால், நெரிசலில் இருக்கும் கார்டின் தலையில் இன்னொரு சுமை ஏறும். வரிசையைப் பலகைப்படி வைத்துக்கொள்ளச் சொல்லும் சுற்றுச்சூழல் மாறி ஒன்று உண்டு. ஆய்வகங்களில் பொதுக் கணினியைப் பராமரிப்பவர்கள் முதல் நாளே அதை எழுதிவைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

யாரும் கண்டுகொள்ளாத ஒரு வரி டிவைஸ்குவரியில் உண்டு: ‘கெர்னல் ஓட நேர வரம்பு’. (கெர்னல் என்பது கார்டில் ஓடும் நிரல் பகுதி.) ஆம் என்றிருந்தால், திரையை இயக்கும் அதே கார்டில்தான் கணக்கும் ஓடுகிறது என்று பெரும்பாலும் பொருள். விண்டோஸின் இயல்பான அமைப்பில் ஒரு வேலை இரண்டு நொடிக்குமேல் கார்டைப் பிடித்துவைத்தால், திரை உறைந்துவிட்டது என்று முடிவு செய்து சிஸ்டம் டிரைவரையே மீட்டமைக்கும். சிறிய உள்ளீட்டுக்குச் சரியாக ஓடி, பெரிய உள்ளீட்டுக்கு மட்டும் காரணமில்லாமல் சாகும் நிரலைப் பார்த்தால் முதலில் இந்த வரியைப் பார்க்கலாம்.

கேட்பதற்கும் செலவு உண்டு. எல்லா விவரத்தையும் மொத்தமாக அள்ளித் தரும் அழைப்பு, சில எண்களுக்காகக் கார்டுவரை போய் வாசித்து வருவதால் மெதுவானது. ஒரு விவரத்தை மட்டும் கேட்கும் அழைப்பு அதைவிடப் பல மடங்கு வேகம். மொத்த அழைப்பை ஒரு சுழற்சிக்குள் வைத்துவிட்டு, ஜி.பி.யூ மெதுவாக இருக்கிறது என்று குறைப்படுவது நியாயமில்லை.

இப்போது இந்த விசாரணை உலாவிக்குள்ளும் வந்துவிட்டது. 2023-இல் குரோம் 113-ஆம் பதிப்புடன் வெளியான வெப்ஜி.பி.யூ மூலம் ஓர் இணையப் பக்கமே கார்டில் கணக்குப் போடலாம். அதற்கு அந்தப் பக்கமும் கார்டின் வரம்புகளைக் கேட்க வேண்டும். இங்கே தயக்கம் வேறு. கார்டின் பெயர், நினைவகம், வரம்புகள் எல்லாவற்றையும் சேர்த்தால் அது கிட்டத்தட்ட ஒரு கைரேகை. பயனர் யாரென்று பெயர் தெரியாமலே அவரைத் தளத்துக்குத் தளம் பின்தொடர முடியும். அதனால் துல்லியமான எண்களுக்குப் பதிலாக, பலருக்கும் பொதுவான சில படிநிலைகளுக்குத் தோராயமாக்கிச் சொல்ல உலாவிகளுக்கு வெப்ஜி.பி.யூ தரம் இடம் தருகிறது. குடாவில் பதில் தவறிப்போவது பிழை. உலாவியில் பதிலை மழுப்புவது பாதுகாப்பு.

தோராயமாக்கிய அந்த எண்ணும் தானாகக் கிடைத்துவிடாது. வெப்ஜி.பி.யூ.வில் கேட்பது ஒரு படி, வேண்டும் என்று பெயர் சொல்லிக் கோருவது இன்னொரு படி. கோராமல் விட்டால் எந்தக் கார்டாக இருந்தாலும் குறைந்தபட்ச வரம்புகளே அமலில் இருக்கும். பணிக்குழு ஒன்றில் 256 இழைகள், பகிர்வு நினைவகம் 16 கிலோபைட், ஒரு தரவுத் துண்டுக்கு 128 மெகாபைட். 24 ஜிகாபைட் கார்டு உள்ள கணினியில் பெரிய மொழி மாதிரியை உலாவிக்குள் ஏற்ற முயன்று தோற்பவர், தன் நிரலில் சாதனத்தைக் கோரும் அந்த ஒரு வரியில் வரம்புகளைக் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பார்த்தால் போதும்.